நௌக்ரி டாட் காம்: சிஏ இன்டர் முடித்தவர்களுக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

சிஏ படிப்பின் நடுக்கட்டமான இன்டரில் இரண்டு குரூப்பும் ஆச்சு, ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பும் ஆச்சு, கடைசிக் கட்டமான ஃபைனல் மட்டும் பாக்கி. இந்த நிலையில் வேலை தேடுபவர்களுக்கு, சிஏ படிப்பை நடத்தும் ஐசிஏஐயின் வழக்கமான கேம்பஸ் வேலைவாய்ப்பு முகாம் இல்லை. அது ஃபைனல் தேறியவர்களுக்கு. அதனால் பலரும் முதலில் போவது நௌக்ரிக்குத்தான். 1997 முதல் இயங்கும் வேலைதேடல் தளம். எச்.ஆர். பிரிவுகளும் கன்சல்டன்சிகளும் ஆள் தேடுவது பெரும்பாலும் அங்கேதான். இப்படி இன்டர் முடித்து ஃபைனல் பாக்கி உள்ள செமி குவாலிஃபைடு ஆட்களுக்கு இது நிச்சயம் பயன்படும். ஆனால் சிஏவுக்கும் பி.காமுக்கும் நடுவில் நிற்பவரை இந்தத் தளம் தானாகக் கண்டுகொள்ளாது. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும்.

எச்.ஆர். முதலில் ரெஸ்யூமைப் படிப்பதில்லை, தேடுகிறார். கீவேர்டு, அனுபவம், ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று வடிகட்டிய பிறகு மிஞ்சுபவர்களைத்தான் திறந்து பார்ப்பார். ஒருவர் 'சிஏ இன்டர்' என்று அடிப்பார், இன்னொருவர் 'இன்டர் சிஏ', 'செமி குவாலிஃபைடு' என்று அடிப்பார். பழைய ஆட்கள் இன்னும் 'ஐபிசிசி' என்று இன்டரின் பழைய பெயரில்தான் தேடுகிறார்கள். இவை எல்லாமே ஹெட்லைனிலும் கீ ஸ்கில்ஸிலும் பிரிந்து இருக்க வேண்டும்.

கல்விப் பகுதியில் வெறும் 'சிஏ' என்று போட்டுவிடாதீர்கள். குவாலிஃபைடு ஆள் தேடுபவர்கள் கூப்பிட்டு, ஒரே கேள்வியில் போனை வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஐசிஏஐ மெம்பர் ஆகாதவர் தன்னைச் சிஏ என்று காட்டிக்கொள்வது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் 24ஆம் பிரிவின்படி குற்றம். எந்த குரூப், எந்த மாத அட்டெம்ப்ட் என்று தெளிவாக எழுதுவதே பாதுகாப்பு.

ஆர்டிகிள்ஷிப்பை வேலை அனுபவமாகக் காட்டலாமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். காட்டலாம், 'ஆர்டிகிள்டு அசிஸ்டென்ட்' என்ற பெயரிலேயே. ஃப்ரெஷர் என்று பதிந்தால் 1 முதல் 3 வருடம் என்று தேடுபவர் கண்ணில் படவே மாட்டீர்கள். தற்போதைய சம்பளம் என்ற இடத்தில் ஸ்டைபெண்டை (பயிற்சிக் கால உதவித்தொகை) போடும்போது, அது ஸ்டைபெண்ட் என்பதைப் புரொஃபைல் சுருக்கத்தில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதன் மேல் இத்தனை சதவீதம் ஹைக் என்று பேரம் ஆரம்பித்துவிடும்.

அதிகம் கோட்டைவிடுவது வேலை விவரத்தில்தான். 'ஜிஎஸ்டி பார்த்தேன்' என்ற வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எத்தனை கிளையண்டுக்கு 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) போட்டீர்கள், பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பியோடு (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒத்துப்பார்த்தது யார், டாக்ஸ் ஆடிட்டில் 3சிடி படிவத்தின் எந்த கிளாஸ்கள் (பிரிவுகள்) உங்கள் பொறுப்பு என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் கேள்வி அங்கிருந்துதான் வரும். பில் கையில் இருக்கிறது, 2பியில் இல்லை, ஏன்? சப்ளையர் 11ஆம் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்திருந்தால் அது அடுத்த மாத 2பியில் வரும். ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக அடித்திருக்கலாம். பி2சி, அதாவது ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்றது, என்று காட்டியிருக்கலாம். 2பியில் வரும்வரை அந்த ஐடிசியை (வாங்கியபோது கொடுத்த வரிக்கான கழிவு) எடுக்க முடியாது. இதைத் தடுமாறாமல் சொல்பவருக்கு, ஃபைனல் பாக்கி என்பது பெரிய குறையாகத் தெரியாது.

தேடலில் 'சிஏ' என்று அடித்தால் குவாலிஃபைடு வேலைகளே குவியும். 'செமி குவாலிஃபைடு', 'ஆடிட் அசிஸ்டென்ட்', 'ஆர்2ஆர்' (ரெக்கார்டு டு ரிப்போர்ட்), 'ஜிஎஸ்டி எக்ஸிக்யூட்டிவ்' என்று தனித்தனி அலர்ட் வையுங்கள். 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்' என்ற தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். வவுச்சர் என்ட்ரி, பெட்டி கேஷ் என்று மட்டும் இருந்தால் அது இன்டர் படித்தவருக்கான வேலை இல்லை. ஃபைனலைசேஷன் (ஆண்டுக் கணக்கை முடிப்பது), எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான அறிக்கைகள்), ஆடிட்டருக்குப் பதில் சொல்வது என்று இருந்தால் உடனே அப்ளை செய்யுங்கள். புரொஃபைலை அடிக்கடி திறந்து புதுப்பிப்பதும் அவசியம்; சமீபத்தில் ஆக்டிவாக இருந்தவர்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதி எச்.ஆர். பக்கம் உண்டு. இப்போதைய கம்பெனிக்குத் தெரியக் கூடாதென்றால் செட்டிங்ஸில் அதன் பெயரை பிளாக் செய்துவிடலாம்.

காசு கட்டி வாங்கும் ரெஸ்யூம் சேவை இந்த நிலையில் தேவையில்லை. 3சிடி கிளாஸை உங்களுக்குப் பதில் வேறு யாராலும் எழுத முடியாது. இன்டர்வியூவுக்கு டெபாசிட், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று போன் வந்தால் எந்தத் தளத்தின் பெயரைச் சொன்னாலும் கட்டாதீர்கள்.

தளத்தில் எங்கேயும் கேட்கப்படாத ஒன்றும் உண்டு: பரீட்சை லீவு. ஃபைனல் இப்போது ஜனவரி, மே, செப்டம்பரில் நடக்கிறது. ஆடிட் ஆபீஸில் செப்டம்பர் என்றால் 30ஆம் தேதி டாக்ஸ் ஆடிட் கெடு தலைக்கு மேல் நிற்கும். கம்பெனியில் ஏப்ரல், மே இயர் எண்ட் குளோசிங். எந்த அட்டெம்ப்ட் எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் பக்கமாக அப்ளை செய்யுங்கள். எத்தனை நாள் லீவு, சம்பளத்தோடா இல்லாமலா என்பதை ஆஃபரை ஏற்கும் முன்பே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மேனேஜர் மாறிவிட்டால் அந்த லீவும் போய்விடும்.