துணிக்குச் சாயம்: அடுப்பா, வாளியா?

பருத்தித் துணிக்கு வீட்டில் சாயம் ஏற்ற இரண்டு வழிகளை எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று, கொதிநீரில் போடும் நேரடிச் சாயம். இன்னொன்று, வாளியில் குழாய்த் தண்ணீரில் உப்பும் சோடா ஆஷும் (சலவைச் சோடா) கலந்து ஏற்றும் ரியாக்டிவ் சாயம். இப்போது நான் வாளிக் கட்சி.

கொதிநீர் முறை சுலபம்தான். பானை, உப்பு, சாயத்தூள், 90 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம். சூட்டில் சாயம் இழைக்குள் வேகமாகப் போகும். அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். பானையில் அப்புறம் சமைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

என்னை மாற்றியது சலவை. என் கணவரின் பழைய ஜிப்பாவை அரக்குச் சிவப்பாக்கினேன். மூன்று முறை தனியாகத் துவைத்தேன். நான்காவது முறை, தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகளோடு மெஷினில் போட்டேன். ஐந்து சட்டையும் ரோஸ்மில்க் நிறம்! நேரடிச் சாயம் இழையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிணைவதில்லை. துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக.

ரியாக்டிவ் சாயம் அப்படியில்லை. சோடா ஆஷ் சேர்ந்ததும் இழையோடு வேதிப்பிணைப்பே உண்டாகிவிடும். 1956இல் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. இதில் குளிர்நீர்ச் சாயம் என்று விற்பதற்கு 25 முதல் 40 டிகிரி போதும். குளிர் நாட்டுக்காரர்கள் வாளியை வெதுவெதுப்பாக வைக்கப் பாடுபடுவார்கள். சிங்கப்பூரில் அந்தக் கவலையே இல்லை. லிட்டருக்கு 50 கிராம் உப்பு, 10 கிராம் சோடா ஆஷ் என்ற கணக்கில் வைத்துக்கொள்கிறேன். தூளைக் கரைக்கும்போது மட்டும் முகக்கவசம் கட்டாயம்.

"கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தேன், சீக்கிரம் ஏறும்" என்றார் அம்மா. சோடா ஆஷ் போட்ட பிறகு ஊற்றினேன். துணி வெளிறிப்போய் வந்தது. அந்த நிலையில் சூடு கூடினால் சாயம் துணியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும்.

சூட்டுக்கு வேலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எல்லாம் முடிந்தபின் முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலசி, அப்புறம் நல்ல வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைக்க வேண்டும். பிணையாமல் தங்கிய சாயம் அப்போதுதான் இறங்கும். எங்கள் மெஷினில் வெந்நீர் வராது. கெட்டில் கெட்டிலாகக் கொதிக்கவைத்து ஊற்றினேன். சலிப்பான வேலை, ஆனால் ஒரே ஒரு தடவைதான். அப்படிச் சாயம் ஏற்றிய கருநீலக் குர்தா இப்போது எல்லாத் துணியோடும் சேர்ந்தே சுற்றுகிறது.

மயில்நீலம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதன் மூலக்கூறு பெரியது, கூடுதல் வெதுவெதுப்பு கேட்கும். என் துப்பட்டா நினைத்ததைவிட வெளிறியே வந்தது. ஒரு தடவைதான் செய்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அடுத்த முறை வாளியை மதிய வெயில் விழும் சன்னலோரம் வைத்துப் பார்க்கப்போகிறேன்.