வீட்டோடு ஆளா, பகல் ஆள் போதுமா? ராத்திரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து கைத்தடியோடுதான் நடை. சர்க்கரையும் உண்டு. வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளி, கடலை ஒட்டின கிராமத்தில். அண்ணன் கத்தாரில், மதினி பிள்ளைகள் படிப்புக்காக ராமநாதபுரத்தில், நான் மதுரையில். இந்தப் பக்கம் பாதி வீடுகளின் கதை இதுதான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போவது ஒன்று. மாடி வீட்டில், அக்கம்பக்கம் பேச ஆளில்லாமல் அம்மா இருக்கமாட்டார். சரி, அதை விட்டுவிட்டோம். முதியோர் இல்லம் என்ற பேச்சையே அண்ணன் எடுக்கவிடவில்லை. அதில் எனக்கு அனுபவம் இல்லாததால் நல்லது கெட்டது சொல்ல முடியாது. மிச்சம் இரண்டு: காலையில் வந்து சாயங்காலம் போகிற உள்ளூர் ஆள், இல்லையென்றால் வீட்டோடு தங்கிப் பார்க்கிற ஆள். நாங்கள் எடுத்தது இரண்டாவது. எல்லோருக்கும் அது தேவை என்று சொல்லமாட்டேன்.

பகல் ஆளுக்கு நல்ல பக்கங்கள் நிறைய. தெரிந்த முகம், நம்ம ஊர்ச் சமையல், சம்பளமும் குறைவு. வீட்டோடு இருக்கிறவருக்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது, சாப்பாடு தனி. மருந்து விஷயத்திலும் பகலில் பெரிய கஷ்டமில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைப் பயிற்சியும் அதில் உண்டு. பகலைப் பார்த்தால் வீட்டோடு ஆள் வைப்பது வீண் செலவு என்றுதான் தோன்றும்.

ராத்திரி வேறு கணக்கு. பகல் ஆள் ஆறு மணிக்குக் கிளம்பி மறுநாள் ஏழு மணிக்கு வந்தால், நடுவே பதின்மூன்று மணி நேரம். “நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று சொந்தக்காரர்கள் சொன்னது மனசாரச் சொன்னதுதான். ஆனால் கடற்கரை ஊரின் ராத்திரி வேறு மாதிரி. விசைப்படகு போகிற நாட்களில் ஆம்பளைகள் கடலில் இருப்பார்கள், மறுநாள்தான் கரை. எதிர்வீட்டுச் சித்தி மீன் யாவாரம். விடியுமுன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போய்விடுவார். ஆள் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் தெரு காலி.

அதனால் ஒன்று சொல்வேன்: மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கூப்பிட்ட குரலுக்கு நாலு பேர் வருவார்கள். லீவுக்குப் பிள்ளைகளும் வந்திருக்கும். அதைப் பார்த்து ‘ஆளே வேண்டாம்’ என்று தோன்றினால், படகு இறங்கின அடுத்த வாரம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டாக்டரைக் கேட்டால் நோயைப் பற்றிச் சொல்வார். அந்த வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் செய்தது சாதாரண வேலை. ஆள் மாற்றி ஆள் அம்மா பக்கத்தில் படுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினோம். “1.30 பாத்ரூம். சுவரைப் பிடித்துப் போனார், தடி எடுக்கவில்லை.” “3 மணி. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம். விடிந்துவிட்டது என்றார்.” மதினி எழுதின இந்த இரண்டாவது வரிதான் எங்கள் வாயை அடைத்தது. பகலில் அம்மா பேரன் பேத்தி பிறந்த நாள் வரை சரியாகச் சொல்வார். இருட்டினால் தடுமாற்றம். வயதானவர்களுக்கு மறதி நோய் தொடங்கும்போது பொழுது சாய்ந்தபின் குழப்பம் கூடுவது உண்டு என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

இன்னொரு விஷயம், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் கட்டாயம் யோசிக்க வேண்டியது. மறுபடி வந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்துதான் கணக்கு. “ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தோம்” என்று காலை ஏழு மணிக்குச் சொன்னால் அந்த நேரம் போய்விட்டது. 108 வரும், ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் போன் பண்ண ஒரு ஆள் முழித்துப் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்குவதும் அப்படித்தான்: வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோடு பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேமரா வைத்தால் போதாதா என்று அண்ணன் கேட்டார். வைத்தோம். விழுந்ததைக் கத்தாரிலிருந்து பார்க்கலாம், தூக்கிவிட முடியாது. எதிர்வீட்டில் அடிக்கிற மாதிரி காலிங்பெல் வைப்பது அதைவிட மேல். தெளிவாக இருக்கிற, பட்டனை ஞாபகமாக அழுத்துகிறவர்களுக்குப் பகல் ஆளும் அந்தப் பெல்லும் போதும். நோட்டில் ராத்திரிப் பக்கம் காலியாகவே இருந்தால் வீட்டோடு ஆள் தேடாதீர்கள்.

ஆள் வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. முதலில் ஏஜென்சி அனுப்பியவர் நகரத்துக்காரர். உப்புத் தண்ணீரில் குளிக்கப் பிடிக்கவில்லை, கருவாட்டு வாடை ஆகவில்லை, ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லை. கிளம்பிவிட்டார். மாற்று ஆள் உடனே வரும் என்ற ஏஜென்சி, போனை எடுப்பதைக் குறைத்துக்கொண்டது. இப்போது இருப்பவர் பரமக்குடிப் பக்கம். சொந்தத்தில் விசாரித்துப் பிடித்தது. அம்மா அவரை ‘தங்கச்சி’ என்கிறார், அவர் ‘அக்கா’ என்கிறார்.

அவர் நிலைத்ததற்கு நான் நினைக்கிற காரணம், ராத்திரி முழித்தவர் மத்தியானம் தூங்க வேண்டும் என்பதை நாங்கள் முதலிலேயே பேசிவிட்டதுதான். ஒரே ஆள் பகலில் சமைத்து, துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, ராத்திரியும் முழித்திருக்க முடியாது. மத்தியானச் சமையலுக்குச் சித்தி மகள் வருகிறாள், அவளுக்குத் தனியாகக் கொடுக்கிறோம். அவர் கட்டில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. கொல்லைக் கதவுக்குப் போகும் வழியை அது மறிக்கும்படி போட்டிருக்கிறோம். ஆதார் நகல், நகையைப் பூட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முழுப் படுக்கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு ஆள் போதாது என்றுதான் நினைக்கிறேன். அப்பாக்களைப் பார்க்க ஆண் ஆள் கிடைப்பதும் இங்கே கஷ்டம் என்று கேள்வி. எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

லீவையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாதம் இரண்டு நாள் அம்மாவைப் பார்க்கிறவர் ஊருக்குப் போகும்போது மதினி வந்து படுக்கிறார், அதில் சிக்கலில்லை. மாசிக் களரிதான் சிக்கல். சிவராத்திரிக்கு அம்மாவைப் பார்க்கிறவருக்கும் குலசாமி கோயில், எங்களுக்கும் குலசாமி கோயில், சித்தி வீட்டுக்கும் குலசாமி கோயில். போன வருஷம் நான் போகவில்லை. இந்த வருஷம் மதினி முறை என்று பேச்சு. அதை மதினி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.