ஓராண்டுச் சாமான் ஒரே கப்பலில்: வடதுருவ ஊரிலிருந்து ஒரு மதிப்புரை

கனடாவின் நுனாவுட் பகுதியில், சாலைத் தொடர்பே இல்லாத பாண்ட் இன்லெட்டுக்குக் குடிவந்த எனக்கு, கடற்பனி விலகும் கோடையில் மட்டும் வரும் சரக்குக் கப்பல் சேவை முதலில் வேடிக்கையாகவே பட்டது. ஓராண்டுக்கான அரிசி, மாவு, சோப்பு அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு, தெற்கே கியூபெக் மாகாணத்தில் மரப்பெட்டியில் அடைத்து ஒப்படைக்க வேண்டும். விமானத்தில் வரும் பொருள்களின் விலையைப் பார்த்தால் இந்தச் சிரமம் தகும். ஆனால், மிதவைப் படகிலிருந்து கரையில் இறக்கப்பட்ட என் பெட்டியின் ஒரு மூலை பிளந்து, மாவு மூட்டை ஈரத்தில் கட்டிதட்டிப் போயிருந்தது. புகாருக்கு மூன்று வாரம் கழித்தே பதில் வந்தது, இழப்பீடு வரவில்லை. கடப்பாரையோடு வந்து பெட்டியைத் திறந்துதவிய பக்கத்து வீட்டு இனுயிட் பழங்குடிப் பெரியவர், போகும்போது உறைந்த ஆர்க்டிக் சார் மீன் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அதை உறைந்த நிலையிலேயே சீவி உண்பார்கள் என்பதை, வாணலியைச் சூடேற்றிய பிறகுதான் அறிந்தேன். நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரி இறுதியில்தான் திரும்பும் இவ்வூரில், அலமாரி நிறைந்திருப்பது பெரிய ஆறுதல். அடுத்த கோடைக்கும் இதே சேவையில்தான் பதிவு செய்திருக்கிறேன்; மாவு மட்டும் இம்முறை மூடியிட்ட பிளாஸ்டிக் வாளியில் வரும்.