புடாபெஸ்ட்ல எங்க தங்குறது: பெஸ்ட் பக்கமா, புடா பக்கமா?

ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்ட டான்யூப் ஆறு ரெண்டா பிரிக்குது, ஒரு கரை பெஸ்ட், மறு கரை புடா. நைட் லைஃப் மெயினா பெஸ்ட் பக்கம், அதுவும் 7வது டிஸ்ட்ரிக்ட்லதான். அங்க பார்ட்டி ஹாஸ்டல் போட்டா கஸின்ட்ஸி தெருவுல இருக்கிற சிம்ப்ளா கெர்ட்டுக்கு நடந்தே போயிரலாம், பாழடைஞ்ச கட்டடத்த அப்படியே பார் ஆக்கி வச்சிருக்காங்க, பழைய டிராபன்ட் கார்லயும் அறுத்த பாத்டப்லயும் உக்காந்து பீர் அடிக்கலாம், தனியா போனாக்கூட ராத்திரிக்குள்ள ஒரு கேங் செட்டாயிரும். ஆனா தூக்கத்த மறந்துருங்க. விடியக்காலம் நாலு மணிக்கு மேல் பெட்காரன் பாலின்கா நாத்தத்தோட ஏணியில தடுமாறி ஏறுவான், கூடவே யாராவது பிளாஸ்டிக் கவர கரகரன்னு நோண்டிட்டு இருப்பாங்க. (பாலின்கான்னா பழத்துல காய்ச்சுற சாராயம், தொண்டைய எரிச்சிரும், ஓவரா வேணாம்.)

புடா பக்கம் அமைதி, மேடு, மரம். காலையில கெல்லேர்ட் மலை ஏறி டான்யூப பாக்கலாம். ஹாஸ்டல்ல புதுசா ஆள் பழகறது கொஞ்சம் கஷ்டம்தான், எல்லாரும் லேப்டாப்புல மூழ்கியிருப்பாங்க. கூத்தடிச்சிட்டு எப்படி திரும்புறதுன்னு பயப்படாதீங்க, 6ஆம் நம்பர் டிராம் ராத்திரி பூரா ஓடுது, மார்கரெட் பாலம் தாண்டி புடாவுக்கே வந்துரும்.

ரெண்டு நாள்தான்னா பெஸ்ட்டுக்கே போங்க. ஒரு வாரம்னா, முதல்ல பெஸ்ட்ல ஆடிட்டு அப்புறம் புடாவுக்கு மாறிடுங்க, உடம்பு தாங்காது பாஸ்.