கடலடிக்குச் சேதி அனுப்ப ரேடியோவா, நியூட்ரினோவா, ஈர்ப்பா?

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு 1990 முதல் அங்கிருந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி போகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரண ரேடியோ அலை அதற்குள் நுழைந்ததுமே செத்துவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகள்கூடச் சில பத்து மீட்டர்தான் இறங்கும். குரல் போகாது, எழுத்துச் செய்தி மட்டும்தான். அதைப் பிடிக்கவும் கப்பல் மேலே வர வேண்டும், இல்லை ஆன்டெனாவை மேலே விட வேண்டும்.

எதுவும் தடுக்க முடியாத ஈர்ப்பு விசையையே பயன்படுத்தினால் என்ன? இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சிக்கல் அனுப்பும் இடத்திலேயே தொடங்குகிறது. 20 மீட்டர் நீளம், 490 டன் எடையுள்ள எஃகுத் தண்டு ஒன்றை நொடிக்கு நாலரைச் சுற்று சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வேகம் போனால் தண்டே பிய்ந்துவிடும். அதிலிருந்து கிளம்பும் ஈர்ப்பலையின், அதாவது ஈர்ப்பில் எழுந்து பரவும் அலையின், திறன் எத்தனை வாட்? தசமப் புள்ளிக்குப் பின் 28 சுழியம் போட்டு, அப்புறம் ஒரு 2.

வாங்கும் பக்கமும் லேசுப்பட்டதல்ல. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை உணர்கருவியான லைகோ பிடித்த அலைக்காக, இரண்டு கருந்துளைகள் மோதி மூன்று சூரியன் அளவு நிறை ஆற்றலாக மாறியது. அது இங்கே வந்து சேர்ந்தபோது 4 கிலோமீட்டர் நீளக் குழாயில் உண்டான மாற்றம், அணுவின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரோட்டான் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, அலை வேண்டாம், பக்கத்தில் ஒரு கனத்த குண்டை நகர்த்தி அதன் இழுப்பை உணரலாமே? 1798-லேயே ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் 158 கிலோ ஈயக் குண்டின் இழுப்பை அளந்துவிட்டார். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால் பங்காகிவிடும். சாலையில் போகும் லாரியின் இழுப்பும் அதே கருவியில்தான் விழும்.

நியூட்ரினோ என்பது எதையும் கிட்டத்தட்ட தடையில்லாமல் ஊடுருவும் நுண்துகள். அதைக் கொண்டு சேதி அனுப்புவது செய்தே காட்டப்பட்டது. 2012-இல் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் 240 மீட்டர் பாறையும் மண்ணும் ஊடுருவி 'நியூட்ரினோ' என்ற சொல்லையே அனுப்பினார்கள். மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். வேகம் நொடிக்கு 0.1 பிட், அதாவது ஒரே ஒரு பிட் போய்ச் சேரப் பத்து நொடி! அதற்கே துகள்முடுக்கி வேண்டும், பல டன் எடையுள்ள உணர்கருவியும் வேண்டும். நீர்மூழ்கிக்குள் அதை வைக்க முடியாது. ஆனாலும் சேதி போய்ச் சேர்ந்தது.

அதனால் இன்றைய கடற்படைக்கு ரேடியோதான். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் நியூட்ரினோவுக்கே கை தூக்குவேன்.