ரேவன் 1-ஆ, ரேவன் 2-ஆ? கார்ப்பரேட்டர் பனியை வைத்து ஓர் ஒப்பீடு

ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரின் இந்த இரு வகைகளிலும் இருப்பது லைக்கமிங் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் 540 வரிசை எஞ்சின்தான். ரேவன் 1-இல் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்ப்பரேட்டர். ரேவன் 2-இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்.

கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைகிறது, அங்கேயே பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து காற்றைச் சட்டெனக் குளிர்விப்பதால், அதிலுள்ள ஈரம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டில் பனியாக ஒட்டுகிறது. வெளியே 30 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் இது நடக்கும். பொதுவாக வறண்ட காற்றாக இருந்தாலும் பக்கத்தில் ஓர் ஏரி இருந்தால் போதும். விமானம் த்ராட்டிலை முழுக்கத் திறந்து கிளம்புகிறது. ஹெலிகாப்டர் தேவையான அளவே திறப்பதால், தரையிலிருந்து எழும்போதே பனி பிடிக்க வாய்ப்பு உண்டு.

ரேவன் 1-இல் உண்மையான ஆபத்து, எஞ்சின் வேகத்தை மாறாமல் வைத்திருக்கும் கவர்னர் என்ற தானியங்கிக் கருவியால் வருகிறது. பனி காற்றுவழியை அடைக்க அடைக்க, கவர்னர் த்ராட்டிலைத் தானாகத் திறந்துகொண்டே போகும். ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி வேகம்) அசையாது, மேனிஃபோல்ட் பிரஷரும் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில் அளப்பது) அசையாது. த்ராட்டில் முழுக்கத் திறந்த பிறகுதான் ஆர்பிஎம் சரியும். கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இறக்கி த்ராட்டில் மூடும் நேரமானால் எஞ்சின் நின்றேபோகலாம். அதனால் நம்ப வேண்டியது கார்ப்பரேட்டரின் வெப்பமானியை: முள், பனி பிடிக்கும் வெப்பநிலையைக் காட்டும் மஞ்சள் பகுதிக்குள் போகாத அளவுக்கு கார்ப் ஹீட் (கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்று) கொடுங்கள். கீழே இறங்கும்போது காற்றில் ஈரம் கண்ணுக்குத் தெரிந்தால் முழு ஹீட் கொடுங்கள்.

கலெக்டிவை இறக்கினால் ஹீட்டைக் கூட்டி, ஏற்றினால் குறைக்கும் துணை அமைப்பும் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் ஹோவருக்கு (ஒரே இடத்தில் மிதந்து நிற்க) எழும்பும்போது ஹீட் குறைந்துவிடும். கையால் திருத்த வேண்டியிருக்கும். முழு ஹீட்டில் அதே சக்தியைப் பெற சுமார் 1.5 அங்குலம் கூடுதல் மேனிஃபோல்ட் பிரஷர் வேண்டும். எஞ்சினின் சக்தி வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டிருப்பதால் தாழ்ந்த உயரத்தில் இது பிரச்சினையே இல்லை. உயரமான இடத்தில்தான் தேவைக்கு மேல் ஹீட் கொடுத்தால் சக்தி போதாமல் போகும்.

ரேவன் 2-இல் பெட்ரோல் சிலிண்டர் வாசலில் தெளிக்கப்படுவதால் த்ராட்டில் தகட்டில் இந்த வகைப் பனிக்கு இடமில்லை, கார்ப் ஹீட் குமிழும் இல்லை. காற்று உள்ளே வரும் வழியைப் பனிப்பொழிவு அடைக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும். புறப்படும் சக்தி 5 நிமிடத்துக்கு 245 குதிரைத்திறன், ரேவன் 1-இல் 225. பதிலுக்கு, ரேவன் 1-இல் பெட்ரோல் தானாகவே கீழிறங்கும், பம்ப்பே கிடையாது. ரேவன் 2-இல் பம்ப்புகள் உண்டு. வெயிலில் நிறுத்திய சூடான எஞ்சினை மறுபடி கிளப்பவும் கூடுதல் பக்குவம் வேண்டும்.

ஈரமான கடலோரத்தில் தினமும் பறப்பவருக்கு என் தேர்வு ரேவன் 2. ஆனால் அதில் மட்டுமே பழகியவர் ராபின்சனின் சிறிய ஹெலிகாப்டரான ஆர்22-க்கு மாறினால் கவனம் தேவை. அதில் கார்ப்பரேட்டர்தான். ரோட்டரும் எடை குறைந்தது. எஞ்சின் நின்றால், ரோட்டர் வேகம் விழுமுன் கலெக்டிவை இறக்க ஓரிரு நொடிதான் கிடைக்கும்.