ஆர்எக்ஸ் 100-க்கு ‘போர் அப்’: 24,000 ரூபாய் பேசி எனக்குக் கிடைத்தது 4 சிசி

கோவைப் பக்கம் ஒரு டியூனிங் பட்டறையில் நடந்தது. பெயர் போடவில்லை. இதே எஸ்டிமேட்டை இதே வார்த்தைகளில் கொடுக்கிற இடங்கள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன என்பதால் எழுதுகிறேன்.

வண்டி அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. பிஸ்டன் ரிங் மாற்றியிருக்கிறோம், போரிங் (தேய்ந்த சிலிண்டரின் உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவது) போட்டதே இல்லை. பிளாக், அதாவது சிலிண்டர், ஸ்டாண்டர்ட் சைஸில்தான் இருந்தது. பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட் ஒரே வரி: ‘போர் அப், போர்ட்டிங், ஹெட் மில்லிங், சேம்பர் சைலன்சர், மொத்தம் 24,000’. அதாவது சிலிண்டர் துளையை (போர்) பெரிதாக்கி சிசியை ஏற்றுவது, காற்றும் புகையும் போகிற வழிகளை (போர்ட்) வெட்டுவது, ஹெட்டைச் சீவுவது, ரேஸ் மாடல் சைலன்சர் மாட்டுவது. “ப்ரோ, 20 ஹெச்பி கன்ஃபார்ம்” என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. கம்பெனியிலிருந்து வரும்போது இந்த இன்ஜின் கொடுப்பது சுமார் 11 ஹெச்பி. கிட்டத்தட்ட இரட்டிப்பு என்கிறார். டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) ஏற்றிக் காட்டுவீர்களா என்று கேட்டதற்கு, “ஓட்டிப் பார்த்தா தெரியும் ப்ரோ” என்றார்.

அட்வான்ஸ் போன பிறகு தொகை வளர ஆரம்பித்தது. கிளட்ச் பிளேட், கிராங்க் பேரிங், ஆயில் சீல், லேத் கூலி என்று வரிசையாகச் சேர்ந்து வண்டி கைக்கு வரும்போது 37,500. கிளட்ச், பேரிங் செலவைக் குறை சொல்ல மாட்டேன். பழைய இன்ஜினைப் பிரித்தால் அதெல்லாம் வரத்தான் செய்யும். ஆனால் தொழில் தெரிந்தவர் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டனைக் கேட்டேன். “ஸ்க்ராப்ல போட்டாச்சு” என்றார். பில் என்று கொடுத்தது டைரியில் கிழித்த ஒரு தாள்.

வண்டி மேல் ஆர்பிஎம்மில் நன்றாகத்தான் கத்தியது. கீழே இழுவையே இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே தூக்கி வெட்டினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு ஏறிப் போய்விடும். சிட்டி டிராஃபிக்கில் செகண்ட் கியரில் திணறுவது அதனால்தான். மைலேஜும் போச்சு. இதை எவரும் முன்பே சொல்லவில்லை. ரேஸ் டிராக்குக்கு அது சரி, அவிநாசி ரோட்டுக்கு எதற்கு?

அப்புறம் ஒரு நாள் பைபாஸில் இன்ஜின் ஜாம். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போக, கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பட்டறைக்கு போன் செய்தால், “ரன்னிங்-இன் ஒழுங்கா பண்ணலை ப்ரோ” என்று, புது பிஸ்டனை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்கவில்லை என்ற பழி என் மேல்.

வேறு வழியில்லாமல், ரொம்ப வருஷமாக போரிங் மட்டுமே செய்கிற ஒரு லேத்காரரிடம் பிளாக்கைக் கொண்டுபோனேன். பிஸ்டனின் தலையைத் துடைத்துக் காட்டினார். அதில் 100 என்று அடித்திருந்தது. அதாவது 1.00, ஒரு மில்லிமீட்டர் ஓவர்சைஸ். “இது பெரிய போர் இல்லீங்க தம்பி. கடைசி போர்.”

கணக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-இன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. கொள்ளளவு 98 சிசி. போரை 51 ஆக்கினால் 102 சிசி. நான் ‘போர் அப்’ என்று காசு கொடுத்தது இந்த 4 சிசிக்குத்தான். தேய்ந்த பிளாக்குக்கு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் போகிற சாதாரண ரிப்பேர் போரிங் அது. 0.25-இலேயே முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நாலு படியையும் ஒரே வெட்டில் தின்றுவிட்டார்கள். இனி அந்த பிளாக்குக்கு ஸ்லீவ் (உள்ளே புது உருளை) அடிப்பதைத் தவிர வழியில்லை. அடித்தால் போர்ட்டுகளையும் புதிதாக வெட்ட வேண்டும். உண்மையிலேயே போர் ஏற்றுவது என்றால் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதற்கு ஆர்எக்ஸ் 135-ஐப் பாருங்கள். அதே 50 ஸ்ட்ரோக், போர் 58, கொள்ளளவு 132 சிசி. அது வேறு வேலை, வேறு விலை.

ஜாம் ஆன காரணமும் அங்கேயே தெரிந்தது. சேம்பர் மாட்டி, ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற மெயின் ஜெட்டை மட்டும் பழையதையே விட்டிருந்தார்கள். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். பிளக் முனை வெள்ளையாக இருந்தது, பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் உரசிக் கிடந்தது.  24,000 ரூபாய் வேலையில் ஒரு ஜெட் மாற்றவில்லை!

இப்படி வேலை கொடுக்கிற எண்ணம் இருந்தால் பிஸ்டன் சைஸ், ஜெட் நம்பர், ஹெட்டில் எத்தனை மி.மீ. எடுக்கப் போகிறார்கள், பிரித்த பிறகு என்னென்ன கூடலாம் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் பிளாக்கின் போரை வேறு இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சட்டமும் நம் பக்கம் இல்லை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். பட்டறைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாடிக்கையாளர் புகாருக்குப் போகத் தயங்குவார் என்ற தைரியத்தில்தான் தொழில் ஓடுகிறது.

நான் போகிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். வாட்ஸ்அப் எஸ்டிமேட், வாய்ஸ் மெசேஜ், ஜிபே ரசீதுகள், லேத்காரர் எழுதிக் கொடுத்த போர் அளவு எல்லாம் கையில் இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்டதும் பட்டறைக்காரர் 5,000 திருப்பித் தருவதாகச் சொன்னார், வாய்ஸ் மெசேஜை அழித்துவிட வேண்டுமாம்.